கதிர்காமநாதன் முடித்த கத்தி

டூங்கபி என்ற புறநகரில் இருக்கும் கதிர்காமநாதன் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள், குளியலறைக்குப் போய் வந்ததும் எதையோ கேட்க வாயெடுத்து, பிறகு மரியாதைக்காக விழுங்கிவிடுவார்கள். உள்ளே இடுப்பளவு உயரத்துக்கு நீல டைல்ஸ், நூல் பிடித்தது போல நேராக ஏறி நிற்கும். அதற்கு மேலே கூரை வரை வெறும் சீமெந்து. டைல்ஸ் போதாமல் போய்விட்டதோ என்று இரக்கப்பட வேண்டாம். மிச்சப் பெட்டிகள் கராஜில் பத்திரமாக இருக்கின்றன.

அந்தக் கராஜைத் திறந்தால் மனிதரின் சரித்திரமே கிடைக்கும். கதவில்லாத கோழிக்கூடு, மூன்று காலில் நிற்கும் மேசை, ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் கண்ட புத்தக அலுமாரி. எல்லாமே திறமான வேலை. முடிக்கவில்லை என்ற ஒன்றைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. மகள் யாமினி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுக்குச் செய்யத் தொடங்கிய பொம்மை வீட்டுக்குக் கூரை வரவேயில்லை. அவள் அதன்மேல் ஒரு சின்னக் குடையை விரித்து வைத்துக்கொண்டு விளையாடினாள். இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கதிர்காமநாதனும் சேர்ந்துதான் சிரிப்பார், ஆனால் முதலில் சிரிப்பை நிறுத்துகிறவரும் அவர்தான்.

சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் பஸ் சாரதி. சூரியனுக்கு முன்னால் எழும்புகிறவர். கடைசித் தரிப்பிடத்துக்கு முன்னால் பஸ்ஸை விட்டுவிட்டு ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

"பஸ்ஸை மட்டும் எப்பிடியப்பா கடைசி மட்டும் ஓட்டுறியள்?" என்று மனைவி சிவகௌரி கேட்பார்.

"அதுக்குள்ள ஆக்கள் இருக்கினமெல்லே" என்பார் அவர்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறி குழைத்த கையோடு, ஸ்கொட்லாந்துக் கத்தி ஒன்றைத் தானே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும், ஆகவே விளக்கம் வேண்டும். யாமினி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பிசியோதெரப்பிஸ்ட். பள்ளிக்கூட நாளில் வயலின் வகுப்பில் இடம் இல்லையென்று ஸ்கொட்லாந்துப் பைப் இசைக்குழுவில் சேர்த்துவிட்டார்கள். அப்படிப் போனவள் திரும்பி வரவில்லை. கட்டம் போட்ட கில்ட் உடுத்திக்கொண்டு ஊர்வலம் ஊர்வலமாக மேளம் அடித்தாள். அப்பா அதை 'ஸ்கொட்லாந்துச் சாரம்' என்பார். இந்த வருடம் அவளை டிரம் மேஜராக்கிவிட்டார்கள். டிரம் மேஜர் என்றால் குழுவுக்கு முன்னால் வெள்ளிப் பூண் போட்ட தடியைச் சுழற்றிக்கொண்டு நடக்கிற ஆள். அவர் தடியைத் தூக்கினால்தான் வாத்தியம் தொடங்கும், இறக்கினால்தான் நிற்கும். அந்த உடுப்புக்கு இடுப்பில் டர்க் என்ற கத்தி ஒன்று வேண்டும். முந்தைய டிரம் மேஜர் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தபோது தன்னுடையதைக் கொண்டுபோய்விட்டார்.

"ஒன்லைன்ல வாங்கலாம் அப்பா. நிறைய இருக்கு" என்றாள் யாமினி.

"என்ர பிள்ளை எல்லாருக்கும் முன்னால நடக்கேக்க கடைக் கத்தியோ? நான் செய்து தாறன்."

சிவகௌரி கறிச்சட்டியைப் பார்த்தார். யாமினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "ஓகே அப்பா" என்றாள்.

வெகு அன்பான 'ஓகே' அது. நிலாவுக்குப் போகப்போகிறேன் என்று குழந்தை சொன்னால் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வகை. ஆட்டிறைச்சி உறைத்ததை விட அதுதான் கதிர்காமநாதனுக்கு அதிகம் உறைத்தது.

டர்க் என்பது ஸ்கொட்லாந்து மலைநாட்டார் இடுப்பில் செருகிய நீளமான கத்தி. பழைய எளிய டர்க்கில் மூன்றே பகுதிகள்தான். முழங்கை நீளத்துக்குக் குறைவான, ஒரு பக்கம் மட்டும் விளிம்புள்ள அலகு. ஒரே மரத்துண்டில் கடைந்த பிடி. பிடியின் தலையில் வட்டமான பித்தளைத் தட்டு. அலகின் பின்பக்கம் வால்போல ஒடுங்கிப் பிடிக்குள்ளால் போய், தட்டிலுள்ள ஓட்டைக்கு வெளியே ஒரு மணியளவு எட்டிப்பார்க்கும். அந்த நுனியைச் சுத்தியலால் அடித்துப் பரப்பிவிட்டால் மூன்றும் ஒன்றாக இறுகிவிடும். ஆணியும் இல்லை, திருகும் இல்லை. கதிர்காமநாதனுக்கு அந்த யோசனை நிரம்பப் பிடித்துக்கொண்டது. இரும்புக் கடைக்குப் போய் ஒரு உருக்குப் பட்டை வாங்கி வந்தார்.

வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்ததும் கராஜுக்குப் போய்விடுவார். பட்டையை வைஸில் இறுக்கி அரத்தால் ராவினார். பஸ்ஸில் ஏறி இறங்குகிற சனங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, உருக்குத்தூள் பொடிப்பொடியாக விழுவது இதமாக இருந்தது. இசைக்குழுவின் சட்டப்படி ஊர்வலக் கத்திக்குக் கூர் இருக்கக் கூடாது. ஆகவே உருவம் மட்டும்தான் கத்தி, காரியத்துக்கு அது வாழைப்பழமும் வெட்டாது. ஆனாலும் உருக்கை முறைப்படி பதப்படுத்தத்தான் வேண்டும் என்று நின்றார். "கூரில்லாட்டிலும் அது கத்தி" என்றார். அதில் அவர் ஒரு பிடிவாதக்காரர்.

பின்வளவு பாபெக்யூ அடுப்பில் கரி போட்டு, யாமினியின் தலைமயிர் உலர்த்தியால் ஊதி, அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டார். 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் நடுவிலே மயிரளவு வெடிப்பு. தண்ணீர் அந்த உருக்கை அது தாங்க முடியாத வேகத்தில் குளிரவைத்துவிட்டது.

அவர் உலர்த்தியைத் துடைத்து யாமினியின் அறையில் வைத்தார். வெடித்த அலகை மேசையில் கிடத்தி மேலே ஒரு பழைய துணியைப் போட்டார். அந்தத் துணியைச் சிவகௌரிக்கு நன்றாகத் தெரியும். கோழிக்கூட்டை மூடியதும் அலுமாரியை மூடியதும் அதே துணிதான். அன்றைக்கு அவர் கணவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

மற்றக் கிழமை ஒரு பார்சல் வந்தது. வாசலில் தபால்காரர் வைத்துவிட்டுப் போன நீளமான அட்டைப்பெட்டி. யாமினியின் பெயர் எழுதியிருந்தது. வேலையால் வந்த கதிர்காமநாதன் அதைக் கையில் தூக்கினார். நீளமும் பாரமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. சில நாட்களாக அவர் கையில் வைத்திருந்த அதே நீளம், ஏறக்குறைய அதே பாரம். திறந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் மகளின் கட்டிலில் வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

மகள்மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பேன் என்று பட்டது, அதுதான் வலித்தது. இந்த ஒன்றையாவது முடித்து அவள் கையில் கொடுக்காவிட்டால், இனி வாழ்நாள் முழுக்க அந்த அன்பான 'ஓகே'தான் கிடைக்கும். அவர் எழும்பிக் கராஜுக்குப் போய்த் துணியை இழுத்தெறிந்தார்.

இரண்டாவது அலகை முதலாவதை விட வேகமாக ராவினார். இம்முறை தண்ணீர் இல்லை, எண்ணெய். கடையில் போய் எண்ணெய் வாங்கப் பொறுமை இல்லாமல் குசினியில் இருந்த நல்லெண்ணெய்ப் போத்தல்களைத் தகரத்தில் கவிழ்த்தார். சிவந்த அலகு உள்ளே இறங்கியதும் புகை கிளம்பி, தெரு முழுக்கத் தோசை வாசம் அடித்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி மதிலுக்கு மேலால் எட்டி, என்ன சமையல் என்று ஆவலாகக் கேட்டார். அலகு வெடிக்கவில்லை. கோணவுமில்லை. பதத்தைத் தணிக்க அதை அவணில் வைத்து மெல்லச் சூடாக்க வேண்டும். சிவகௌரி அவணுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நான் கேக் போடுற அவண் இது!"

"கேக்கைவிடக் குறைஞ்ச சூடுதான் கௌரி. நீர் ஒருக்கா விட்டுப் பாரும்."

விட்டார். அலகு வைக்கோல் நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த கேக்கில் லேசாக நல்லெண்ணெய் வாசம் வந்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பிடிக்கு மரம் தேடினார். தெருமுனையில் கிளாஸ்கோவில் பிறந்த கிழவர் ஒருவர் இருந்தார். அவருக்கு டர்க் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போய் யோசனை கேட்டார். மனிதர் ஆயுள் முழுக்கக் காப்புறுதிக் கம்பனியில் கணக்கெழுதியவர். வெண்ணெய்க் கத்தியைத் தவிர வேறு கத்தியைத் தொட்டதில்லை என்று சிரித்தார். ஆனால் வேலியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஒரு அயன்பார்க் கட்டையைத் தூக்கிக் கொடுத்தார். பெயரில் இரும்பை வைத்திருக்கும் மரம் சும்மா இருக்குமா? டிரில்லை உடைத்தது, மரம் அறுக்கும் வாளைத் தேய்த்தது. கடைசியில் அலகின் வாலையே காய்ச்சி, மரத்துக்குள் எரித்து எரித்து வழி பண்ணினார். உள்ளங்கை நிறைய உருண்டு, நடுவில் சற்றே பருத்து, அலகுப் பக்கம் இரண்டு தோள்களாக அகன்ற அழகான பிடி வந்தது. எண்ணெய் பூசியதும் கருஞ்சிவப்பு நிறம் எழும்பியது. பஸ் ஓட்டும்போதும் அவருடைய விரல்கள் ஸ்டியரிங்கில் அந்தப் பிடியைத்தான் தேடின.

அலகைக் கண்ணாடிபோல் தேய்த்து மினுக்கி முடித்தபோது நவராத்திரியும் கடைசி நாளுக்கு வந்துவிட்டது. ஆயுத பூசை. யாமினியின் மேளக்குச்சிகள், சிவகௌரியின் தையல் மெஷின், கார்த் திறப்பு எல்லாம் சாமிக்கு முன்னால் வந்தன. கதிர்காமநாதன் தன் அலகைக் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு சாமிக்கு முன் வைப்பது சரியில்லையென்று, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அரிசி நிரப்பிய செம்பில் நுனி மேலே நிற்கும்படி நிறுத்தினார். சந்தனம் குங்குமம் வைத்தார். அப்போது பார்க்க ஏதோ குறைவது போல் தெரிந்தது. அம்மன் கோயில் சூலத்தில் தேசிக்காய் குத்தியிருப்பார்கள் அல்லவா? ஒரு பெரிய தேசிக்காயை எடுத்து நுனியில் பலமாக அழுத்திக் குத்தினார். அருமையாக இருந்தது. வந்த விருந்தினர் எல்லோரும் கைபேசியில் படம் எடுத்தார்கள். விசயதசமிக் காலைப் பூசை முடியும் வரை எதையும் தொடக் கூடாது என்பது வழக்கம். அவரும் தொடவில்லை.

காலையில் தேசிக்காயைப் பிடுங்கினார். இரவு முழுக்கச் சாறு ஒழுகி, அலகில் கறுப்புக் கறுப்பாக வழிந்திறங்கியிருந்தது. நுனியடியில் புளி உருக்கைத் தின்று சின்னச் சின்னக் குழி. எண்ணெய் இருந்திருந்தாலாவது காப்பாற்றியிருக்கும், அதையும் தன் கையாலேயே கழுவித் துடைத்திருந்தார். தேசிக்காய்ப் புளியால் உருக்கு கறுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் சாமிக்கு முன்னால் வைத்தால் புளி தன் குணத்தை விட்டுவிடும் என்று மனதுக்குள் எங்கேயோ நினைத்திருக்கிறார்.

சிவகௌரிக்குச் சிரிப்பு வந்தது. கணவனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இஞ்சேருங்கோ, கவலைப்படாதையுங்கோ. உறைக்குள்ளதானே இருக்கப்போகுது. ஊர்வலத்தில ஒருத்தரும் உருவ மாட்டினம். ஆர் பாக்கப்போகினம்?"

அவர் சொன்னது முழு உண்மை. தோல் உறையும் அதற்குள் தயாராக இருந்தது. வேறு நாளாக இருந்தால் கதிர்காமநாதன் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்திருப்பார். இன்றைக்கு அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் பாத்திட்டன் கௌரி" என்றார்.

தேய்த்துப் பார்த்தார்கள். இருவரும் சேர்ந்துதான். சிவகௌரி ஒரு பக்கம் சாண்ட் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். கறை போவதாக இல்லை. குழி போக வேண்டுமானால் அலகு மெலிந்து தகடாகிவிடும். அப்போது சிவகௌரிதான் சொன்னார்: "புளி தின்ற இடம் வடிவாத்தான் இருக்கு, தின்னாத இடம்தான் இப்ப பிழையாத் தெரியுது." கதிர்காமநாதன் ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார். பிறகு கார்த் திறப்பை எடுத்தார். பென்டில் ஹில் தமிழ்க் கடையில் ஒரு பை நிறையத் தேசிக்காய் வாங்கினார்கள். கடைக்காரர், "என்ன அன்ரி, கலியாண வீடோ?" என்று கேட்டார். வீட்டில் சாற்றைப் பிழிந்து நீளத் தட்டில் ஊற்றி, அலகை முழுதாகக் கிடத்தி, புரட்டிப் புரட்டி ஊறவைத்தார்கள். சாயந்தரம் அது மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில், ஒரே சீராக, மங்கலான கருஞ்சாம்பலாக வெளியே வந்தது. கண்ணாடி மினுக்கை விட இதுதான் கத்திக்கு அழகு என்று இருவருக்கும் பட்டது. கைகளில் தேசிக்காய் மணம் போகவேயில்லை. மிச்சத்தில் சிவகௌரி ஊறுகாய் போட்டார்.

இனி ஒன்றுதான் மிச்சம். வால்நுனியைச் சுத்தியலால் அடித்துப் பரப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிட வேலை நாட்கணக்காக நடக்கவில்லை. பிடிக்கு இன்னொரு பூச்சு எண்ணெய் வேண்டும் என்றார். தட்டு ஒரு நூல் சரிந்திருக்கிறது என்றார். மூன்று பகுதிகளையும் கோர்த்துப் பார்ப்பார், கழற்றித் துடைப்பார், மறுபடி கோர்ப்பார். சிவகௌரி அந்தப் பழைய துணி எங்கே இருக்கிறது என்று மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஸ்கொட்லாந்து விழா, யாமினி குழுவுக்கு முன்னால் நடக்க வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்த யாமினி, ஆஸ்பத்திரி உடுப்போடேயே கராஜுக்குள் வந்தாள். மேசையில் அலகு தனி, பிடி தனி, தட்டு தனி. அவள் அலகைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கருஞ்சாம்பல் நிறம் மெதுவாக மின்னியது. பிடியை எடுத்து உள்ளங்கையில் பொத்தினாள்.

"வாவ், அப்பா" என்றாள் கடைசியில்.

இந்த முறை குரலில் அந்தப் பழைய 'ஓகே'யின் அன்பு இல்லை. வேறு ஏதோ இருந்தது. கதிர்காமநாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நீ நாளைக்கு மற்றதைப் போடு பிள்ளை" என்றார். "பார்சல் வந்தது எனக்குத் தெரியும். அதில பிழை ஒண்டும் இல்லை. இது இன்னும் சரிவரேல்ல. பிடிக்கும் அலகுக்கும் நடுவில ஒரு இடைவெளி இருக்கு, பார்."

யாமினி குனிந்து பார்த்தாள். "எங்க? எனக்குத் தெரியேல்ல."

"எனக்குத் தெரியுது. இப்ப எண்டா கழட்டித் திருத்தலாம். அடிச்சுப்போட்டா பிறகு கழட்டேலாது."

"அப்பா, அதைத்தானே முடிக்கிறது எண்டு சொல்றது."

அவர் வைஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, மகளைப் பார்க்காமலே சொன்னார்: "முடிச்சாத்தான் சனம் குறை சொல்லும், யாமினி. பாதியில நிக்கிற சாமானைப் பாத்தா, 'முடிச்சா நல்லா வரும்' எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். எனக்கு அது காணும் எண்டு இருந்திட்டன்."

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. தனக்கே இப்போதுதான் தெரிந்தது போலவும் இருந்தது. யாமினி சிரிக்கவில்லை. மூன்று பகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கோர்த்து, அலகைத் துணியால் சுற்றி, வால்நுனி மேலே இருக்கும்படி வைஸில் தானே இறுக்கினாள். சுத்தியலை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"எனக்கு இதுதான் வேணும். இடைவெளியோட தாங்கோ" என்றாள்.

முதல் அடி தவறித் தட்டின் ஓரத்தில் பட்டது. ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. ஐயோ என்று அவர் நிமிர்ந்தார். யாமினி அசையாமல் நின்றாள். இரண்டாவது அடி சரியாக விழுந்தது. அதன் பிறகு கை தானாக ஓடியது. உருக்கு நுனி மெல்ல மெல்லப் பரந்து, பூ மொட்டுப் போல உருண்டு, பித்தளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. முறுக்கிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. இனிச் செய்ய ஒன்றுமே இல்லை என்பது அவருக்குப் பயமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. உறையில் போட்டு மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். அங்கிருந்து சிவகௌரி போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் மைதானத்தில் நல்ல வெயில். ஒரு பக்கம் ஆட்கள் போட்டிக்கு நீளமான மரக்கட்டையைத் தூக்கி எறிந்தார்கள், இன்னொரு பக்கம் சின்னப் பெண்கள் தரையில் கிடத்திய வாள்களுக்கு நடுவில் துள்ளி ஆடினார்கள். சிவகௌரி தயிர்ச்சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார். யாமினி பையை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு உடுப்போடு ஓடினாள். பையில் கடைக் கத்தி கிடந்தது. கதிர்காமநாதனுக்குப் பொறுக்கவில்லை. பைக்குள்ளேயே அதைத் தடவிப் பார்த்தார். பிடி பிளாஸ்ரிக். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் நகம் போகுமளவு இடைவெளி. அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

"கௌரி, கௌரி, இஞ்ச இதைப் பாருமன்..."

சிவகௌரி அவருடைய தொடையில் நன்றாகக் கிள்ளினார். "பிள்ளை வாறா. அங்க பாருங்கோ!"

பைப்புகள் ஒன்றாக அலறத் தொடங்கின. குழுவுக்கு முன்னால், தன்னந்தனியாக, யாமினி வந்துகொண்டிருந்தாள். உயரமான தொப்பி, கட்டம் போட்ட கில்ட், கையில் சுழலும் தடி. இடுப்பில், ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சின்ன ஆட்டத்தோடு, கருஞ்சிவப்புப் பிடி. பித்தளைத் தட்டில் வெயில் பட்டுத் தெறித்தது. பள்ளம் விழுந்த இடத்திலும் அதே வெயில்தான் தெறித்தது.

பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, முன்னால் நடப்பது உங்கள் மகளா, உடுப்பு அற்புதமாக இருக்கிறதே என்று கேட்டார்.

"ஓம், எங்கட மகள்தான்" என்று சிவகௌரி முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் திருத்திச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. கணவனின் தோளில் கையை வைத்து, அந்தப் பெண்மணிக்கு மட்டுமல்ல, அந்த வரிசைக்கே கேட்கும்படி, "அந்தக் கத்தி இவர் செய்தது. செய்து முடித்தார்" என்றார்.

முடித்தார் என்ற சொல்லை ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்று அந்தப் பெண்மணிக்கு விளங்கியிருக்காது. கதிர்காமநாதனுக்கு விளங்கியது. மகள் அவரைத் தாண்டிப் போகும்போது அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.